வாசகர் காணாத படிவங்கள்

பத்திரிகையொன்றின் முகத்தை மாற்றியமைப்பது எமது துறையில் ஏறக்குறைய ஒரு திருவிழாவைப் போன்றது. தலைப்பெழுத்து மாறும், பத்திகளின் அகலம் மாறும், நிறங்கள் கூடும். வெளியிலிருந்து வடிவமைப்பாளர் ஒருவர் வரவழைக்கப்படுவார். பணிப்பாளர் சபை மாதிரிப் பக்கங்களைச் சுவரில் ஒட்டிவைத்து மணிக்கணக்கில் விவாதிக்கும். இவ்வாறான மாற்றங்கள் பலவற்றை நான் கடந்த நான்கு தசாப்தங்களுக்கும் கூடுதலான காலத்தில் கண்டிருக்கிறேன். ஆனால், அதே பத்திரிகையை உருவாக்குவதற்காக உள்ளே கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கும் துண்டுகள், படிவங்கள், பதிவேடுகள் ஆகியவற்றின் வடிவத்தைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு கூட்டம் கூட்டப்பட்டதை ஒரேயொரு தடவைதான் கண்டேன். அதுவும் ஒரு மரண வீட்டாருக்கு நேர்ந்த அநியாயத்துக்குப் பிறகு.

வடிவமைப்பு என்றால் அலங்காரம் என்றே எம்மவர்களில் பெரும்பாலானோர் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் கண்ணில் படுகின்ற இடத்துக்கு அது தேவை, படாத இடத்துக்கு அது வீண்செலவு என்பது பொதுவான முகாமைத்துவ அபிப்பிராயம். வரவேற்பு மண்டபத்தில் பளிங்குக் கல் பதித்திருக்கும் நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் 20 வருடங்களுக்கு முன்னர் யாரோ தட்டச்சு செய்து, பிரதிக்கு மேல் பிரதியெடுத்து, கோடுகளெல்லாம் சரிந்துபோன ஒரு தாளில் பொருட்களின் கணக்கை எழுதிக்கொண்டிருப்பார். அந்தத் தாளில் பிழை நேர்ந்தால் விசாரிக்கப்படுபவர் களஞ்சியப் பொறுப்பாளர். தாளை எவரும் விசாரிப்பதில்லை.

மரண அறிவித்தல் விடயத்துக்கு வருகிறேன். எமது தமிழ்ப் பத்திரிகைகளில் மரண அறிவித்தல் என்பது வெறும் விளம்பரமல்ல என்பது இலங்கை வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறப்பிடம், வதிவிடம், காலஞ்சென்ற தம்பதியரின் அன்பு மகன், இன்னாரின் அருமைக் கணவர், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மைத்துனர் என்று ஒரு பரம்பரையின் வரைபடமே நான்கு அங்குலத்துக்குள் அடங்கியிருக்கும். இறுதிக்கிரியை நடைபெறும் இடமும் நேரமும் கடைசியில் வரும். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாதிருந்த காலத்தில் தூர இடங்களில் வாழ்ந்த உறவினர்கள் அந்தக் கடைசி இரண்டு வரிகளையும் வானொலி மரண அறிவித்தலையும் நம்பியே பயணப்பட்டார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் உதவி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தில், அதன் பெயர் இங்கு அவசியமில்லை, ஒரு திங்கட்கிழமை மாலை விளம்பரக் கருமபீடத்தில் ஓர் அறிவித்தல் ஒப்படைக்கப்பட்டது. அதைக் கொண்டுவந்தவர் இறந்தவரின் மருமகன். 'நாளை பிற்பகல் 3 மணிக்குப் பொரளை கனத்தை மயானத்தில்' என்று அவர் படிவத்தில் எழுதினார். அவர் எழுதிய வேளையில் அது முற்றிலும் சரியே. எழுதுவினைஞர் சொற்களை எண்ணிக் கட்டணம் வாங்கினார். அச்சுக்கோப்பாளர் கையெழுத்தைப் பார்த்து ஈய எழுத்துக்களைக் கோத்தார். ஒப்புநோக்காளர் மூலப்பிரதியுடன் ஒப்பிட்டார். ஓர் எழுத்தேனும் பிசகவில்லை. செவ்வாய்க்கிழமை காலைப் பத்திரிகையில் 'நாளை பிற்பகல் 3 மணிக்கு' என்றே வெளிவந்தது. கண்டியில் பத்திரிகையைப் பார்த்த இறந்தவரின் மூத்த சகோதரி அதை நம்பிப் புதன்கிழமை காலைப் புகையிரதத்தில் புறப்பட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை பிற்பகலிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் அந்த அம்மையார் எமது அலுவலகத்துக்கு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. இரண்டு நாளைய பத்திரிகைகளையும் மேசையில் விரித்துவைத்து, "தம்பி, இந்த நாளை எந்த நாளை?" என்று மட்டும் கேட்டார். எவரிடமும் பதில் இருக்கவில்லை.

விசாரணை நடைபெற்றது. நால்வரின் கையால் கடந்துவந்த பிழை அது. ஆனால், நால்வரும் தமக்கு முன்னால் இருந்ததை விசுவாசமாகப் பிரதி செய்தவர்கள். யாராவது ஒருவர் தண்டிக்கப்பட்டாக வேண்டும் என்பதால் நால்வரிலும் இளையவரான ஒப்புநோக்காளரின் ஒரு வாரச் சம்பளம் வெட்டப்பட்டது. மூலத்துடன் பொருந்துகிறதா என்று பார்ப்பதே அவருடைய கடமை, பொருந்தியது, அதற்காகவே அவர் தண்டிக்கப்பட்டார். 'இனிமேல் சகலரும் கூடுதல் அவதானத்துடன் செயற்படவேண்டும்' என்றொரு சுற்றுநிருபமும் ஒட்டப்பட்டது. அவதானம் என்ற சொல்லைப் போன்று மலிவான பரிகாரம் முகாமையாளர்களுக்கு வேறில்லை. தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும்.

விளம்பரப் பகுதியின் மூத்த எழுதுவினைஞர் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால், அவர் மனு எழுதவுமில்லை. அடுத்து வந்த இரு வாரங்கள் கருமபீடத்தில் ஆட்கள் படிவத்தை எவ்வாறு நிரப்புகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவற்றை மதிய இடைவேளையில் எம்மிடம் சொல்வார். அறிவித்தல் கொண்டுவருபவர் பெரும்பாலும் நெருங்கிய சொந்தமல்ல. அயலவர் அல்லது மருமகன் அல்லது அலுவலக நண்பர். அவரிடம் ஒரு துண்டு இருக்கும். அந்தத் துண்டில் இல்லாத விபரத்தைப் படிவம் கேட்கும்போது அவர் தடுமாறுவார். படிவத்தின் முதலாவது கேள்வியே கட்டணம் செலுத்துபவரின் பெயரும் முகவரியும்! அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் கணக்குப் பகுதியினர் என்பதால் அவர்களுக்கு வேண்டியது முதலில் வந்தது. இறந்தவரின் பெயர் நான்காவது. இறுதிக்கிரியை விபரத்துக்குத் தனியிடமே கிடையாது; 'விளம்பர வாசகம்' என்ற பெரிய வெற்றுக் கட்டத்துக்குள் எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

அவர் அச்சுக்கூடப் போர்மனுடன் சேர்ந்து, கழித்து ஒதுக்கிய அச்சுத்தாளின் பின்புறத்தில் புதிய படிவமொன்றை வரைந்தார். இறந்தவரின் பெயர் முதலிடத்துக்கு வந்தது. இறுதிக்கிரியைக்கு மூன்று சிறிய கட்டங்கள்: கிழமை, திகதி, நேரம். கிழமையும் திகதியும் இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று நானும் கேட்டேன். இரண்டும் இருந்தால்தான் ஒன்று பிழைக்கும்போது மற்றது காட்டிக்கொடுக்கும் என்றார். செவ்வாய், 14 என்று எழுதியிருக்கையில் 14ஆம் திகதி புதனாக இருந்தால் எழுதுவினைஞர் அங்கேயே கேட்டுவிடலாம். எழுதியவர் இன்னும் கருமபீடத்துக்கு முன்னால்தானே நிற்கிறார்! பிழை அச்சுக்கூடத்துக்குப் போய்விட்டால் பிறகு கேட்பதற்கு ஆளில்லை. 'இன்று', 'நாளை' என்ற சொற்களுக்கு அந்தப் படிவத்தில் இடமே இருக்கவில்லை. தடைசெய்யவில்லை, எழுதுவதற்கு இடம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உறவினர் பெயர்களுக்கான பகுதியில் அவர் செய்த வேலையை நான் இன்றும் வியக்கிறேன். பழைய படிவத்தில் சகோதரர்களின் பெயர்களை ஒரே வரியில் எழுதுவார்கள். 'காலஞ்சென்ற' என்ற சொல் முதற்பெயருக்கு மட்டும் உரியதா, வரியிலுள்ள எல்லாருக்கும் உரியதா என்பது காற்புள்ளி ஒன்றில் தங்கியிருக்கும். அந்தக் காற்புள்ளி தவறியதால் உயிருடன் இருந்த பெரியவர்கள் சிலர் எமது பத்திரிகையில் காலஞ்சென்றவர்களானதுண்டு. ஒருவர் நேரில் வந்து, தாம் இன்னமும் சந்தா செலுத்திக்கொண்டிருப்பதாக நினைவுபடுத்திவிட்டுப் போனார். புதிய படிவத்தில் ஒரு பெயருக்கு ஒரு வரி. வரியின் முனையில் ஒரு சிறு வட்டம். அவர் காலஞ்சென்றவராயின் வட்டத்துக்குள் ஒரு புள்ளடி. அச்சுக்கோப்பாளருக்குச் சந்தேகமே எழுவதற்கில்லை.

கணக்குப் பகுதி எதிர்த்தது. தமது கேள்விகள் கீழே தள்ளப்பட்டதும் படிவம் இரு மடங்கு நீளமானதும் அவர்களது முறைப்பாடு. நான் முன்னர் குறிப்பிட்ட அந்த ஒரேயொரு கூட்டம் இதற்காகத்தான் கூட்டப்பட்டது. இறுதியில் கட்டண விபரங்களைத் தாளின் அடிப்பகுதியில் துளைக்கோடிட்டுக் கிழித்தெடுக்கக்கூடியவாறு அமைப்பதென முடிவாயிற்று. மேற்பகுதி அச்சுக்கூடத்துக்கு, கீழ்ப்பகுதி கணக்காளருக்கு. இரு பகுதியினருக்கும் தமக்கு வேண்டாதவை கண்ணில் படவில்லை. வெட்டப்பட்ட சம்பளம் மட்டும் அந்த இளைஞருக்குத் திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

இதையெல்லாம் ஜப்பானியர்கள் ஏற்கெனவே ஒரு சாஸ்திரமாக வளர்த்திருந்தார்கள் என்பதைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன். டொயோட்டா நிறுவனத்துடன் தொடர்புபட்டிருந்த பொறியியலாளரான ஷிகியோ ஷிங்கோ 1961ஆம் ஆண்டில் யமாடா எலெக்ட்ரிக் என்ற தொழிற்சாலைக்குச் சென்றபோது, அங்கு சிறியதோர் ஆளியைப் பொருத்தும் தொழிலாளர்கள் இரண்டு பொத்தான்களுக்கும் கீழே வைக்கவேண்டிய சுருள்வில்களில் ஒன்றைச் சிலவேளைகளில் மறந்துவிடுவது பெரிய பிரச்சினையாக இருந்தது. கவனமாக இருக்குமாறு அவர்களுக்கும் ஓயாமல் உபதேசம் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. ஷிங்கோ செய்ததெல்லாம் இவ்வளவுதான்: வேலை தொடங்குமுன்னர் பெட்டியிலிருந்து இரண்டு வில்களை எடுத்து ஒரு சிறு தட்டில் வைக்கச் சொன்னார். பொருத்தி முடித்தபின் தட்டில் ஒரு வில் மிஞ்சியிருந்தால் மறந்திருக்கிறோம் என்று அர்த்தம். எமது எழுதுவினைஞரின் கிழமையும் திகதியும் இந்தத் தட்டின் உறவினர்களே.

இத்தகைய ஏற்பாடுகளுக்கு ஷிங்கோ முதலில் வைத்த பெயர் 'பாக்கா யொக்கே'. முட்டாள்தனத்துக்குக் காப்பு என்பது பொருள். 1963இல் அரகாவா என்ற வாகன உடற்பாகத் தொழிற்சாலையில் அந்தப் பெயரைச் சொல்லி விளக்கியபோது, அங்கு பணிபுரிந்த பெண்ணொருவர் தம்மை முட்டாளாகவா இவ்வளவு நாளும் கருதினார்கள் என்று அழுதுவிட்டதாக அவர் எழுதியிருக்கிறார். அதன் பின்னரே அது 'போக்கா யொக்கே' ஆனது. போக்கா என்றால் தெரியாமல் நேர்ந்துவிடும் தவறு. ஒரு சொல்லை மாற்றியதன் மூலம் குற்றவாளிக் கூண்டிலிருந்து தொழிலாளியை அவர் இறக்கிவிட்டார். அந்தப் பெண் அழாதிருந்தால் முகாமைத்துவ நூல்கள் இன்றும் அந்தப் பழைய பெயரையே உபயோகித்துக்கொண்டிருக்கக்கூடும்.

கணினி வந்ததும் இந்தச் சிக்கல்களெல்லாம் தீர்ந்துவிட்டதாக நினைப்பவர்களுக்குச் சிற்றி வங்கியின் கதையைச் சொல்லவேண்டும். 2020 ஆகஸ்ட் 11ஆம் திகதி அந்த அமெரிக்க வங்கி, ரெவ்லோன் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 இலட்சம் டொலர் வட்டியை அனுப்பவேண்டியிருந்தது. கடனின் முதல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உட்கணக்கொன்றில் தங்கவேண்டும். அதற்கு வங்கியின் மென்பொருளில் மூன்று கட்டங்களில் குறிப்பிடவேண்டும். பணியாளர் ஒன்றில் மட்டும் குறிப்பிட்டார். திரையில் இருந்த பெயர்களைக் கொண்டு ஏனைய இரண்டும் அதே காரியத்துக்கு அவசியமானவை என்று எவராலும் ஊகிக்க முடியாது. மூன்று பேர் அங்கீகரித்தால்தான் பணம் நகரும் என்பது வங்கியின் விதி. இந்தியாவில் இருந்த இருவரும் அமெரிக்காவில் இருந்த மூத்த அதிகாரியும் பார்த்தார்கள்; மூவரும் சரியென்றே நினைத்தார்கள். ஏறக்குறைய 90 கோடி டொலர் வங்கியின் சொந்தப் பணத்திலிருந்து வெளியே போய்விட்டது!

சுமார் 50 கோடியைப் பெற்றவர்கள் திருப்பித்தர மறுத்தார்கள். 2021 பெப்ரவரியில் நியூயோர்க் நீதிமன்றமொன்று அவர்கள் வைத்திருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றும் வரையில் இரண்டு வருடங்கள் வங்கி அந்தப் பணத்துக்காக வழக்காடியது. வாடிக்கையாளருக்கான கையடக்கத் தொலைபேசிச் செயலிகளுக்கு உலகின் பெரிய வங்கிகள் எவ்வளவு செலவிடுகின்றன என்பதை நாம் அறிவோம். கோடிக்கணக்கான டொலர்களை நகர்த்தும் உட்புறத் திரையோ அந்தக் காலத்துக் கோப்புத் தாளைப் போன்று கிடந்தது. மூன்று சோடிக் கண்கள் பார்த்தும் தப்பிய பிழை இது. பார்ப்பவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மோசமான படிவம் நல்லதாகிவிடாது. எமது செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையை நால்வர் பார்த்தார்கள்.

தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் கணினி வந்த காலத்தில் இதே அலட்சியத்தை வேறு வடிவத்தில் அனுபவித்தோம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒரு நிருபர் மின்னஞ்சல் அனுப்புவார். இன்னொருவர் வேறோர் எழுத்துருவில் அனுப்புவார். அந்த எழுத்துரு எமது கணினியில் இல்லையென்றால் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகவே செய்தி திரையில் தோன்றும். யூனிகோட் பரவலாகும் வரையில் ஒரே செய்தி இரண்டு தடவைகள் தட்டச்சு செய்யப்பட்ட நாட்கள் எத்தனையோ. விலைகூடிய கணினிகளை வாங்கிய நிறுவனங்களுக்குப் 'பிராந்திய நிருபர்கள் அனைவரும் இந்த ஓர் எழுத்துருவைப் பயன்படுத்துக' என்று தீர்மானித்து அதை அவர்களுக்கு அனுப்பிவைக்கும் சிறிய வேலை முக்கியமாகத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் பழகிய ஒரு வழக்கம் இன்னமும் என்னிடம் உண்டு. எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் கணினித் திரைகளின் ஓரத்தைப் பார்ப்பேன். அங்கு மஞ்சள் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கும். 'முதலில் எஃப்-5, பிறகுதான் சேமிக்கவும்', 'கண்டிக் கிளைக்கு 07 என்று போடு'. மென்பொருளைச் செய்தவர் கேட்க மறந்தவற்றையெல்லாம் அங்கு பணிபுரியும் பிள்ளை தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஆலோசனை நிறுவனமொன்றுக்கு இலட்சக்கணக்கில் கொடுத்துப் பெறும் அறிக்கையில் இருக்கப்போவதில் பாதி அந்தத் துண்டுகளிலேயே இருக்கும்.

பணம் இல்லாததால்தான் இவற்றைச் செய்ய முடிவதில்லை என்ற நியாயம் எமது நாட்டில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை அதற்கு மறுப்பு. அது ஓர் அரசாங்க வைத்தியசாலை. 2000ஆம் ஆண்டளவில் வைத்தியர் விமல் கரந்தாகொட அதன் பணிப்பாளராக இருந்த வேளையில், ஜப்பானியத் தொழிற்சாலைகளின் ஐந்து எஸ் முறையை அங்கு அறிமுகப்படுத்தினார். வேண்டாதவற்றை அகற்றுவது, வேண்டியதற்கு ஓர் இடம் குறிப்பது, சுத்தம், ஒரே சீரான நியமம், பழக்கம் என்பவையே அந்த ஐந்தும். எந்த உபகரணம் எந்தத் தட்டில் இருக்கவேண்டும் என்பது பெயரிட்டு, நிறமிட்டுக் காட்டப்பட்டால் நள்ளிரவில் அவசரத்தில் வரும் தாதி தேடவேண்டியதில்லை. ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள் கற்றுக்கொள்வதற்காக ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனம் பின்னர் இந்த வைத்தியசாலையை முன்மாதிரியாகக் காட்டியது.

காசல் வீதியைப் பார்த்துப் பல அலுவலகங்களும் ஐந்து எஸ்ஸைச் சுவரில் மாட்டிக்கொண்டன. ஐந்து ஜப்பானியச் சொற்கள் மும்மொழிகளிலும் அழகாக எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே உள்ள அலுமாரியில் எந்தக் கோவை எங்கே என்பது ஓய்வுபெற்றுப் போன ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். இதுவும் ஒருவகை முகப்பு அலங்காரமே.

அண்மையில் கொழும்பில் சிறியதோர் அச்சகத்தை நடத்தும் நண்பர் ஒருவர், நிறுவனத்தின் இலச்சினையை மாற்றப்போவதாகவும் அபிப்பிராயம் சொல்லுமாறும் கேட்டார். நான் அவருடைய வேலை அட்டையைக் காட்டும்படி கேட்டேன். ஒவ்வொரு வேலையுடனும் கணினி அறையிலிருந்து அச்சு இயந்திரத்துக்கும், அங்கிருந்து கடதாசி வெட்டும் இயந்திரத்துக்கும், பின்னர் கட்டுநர் மேசைக்கும் செல்லும் அட்டை அது. அதில் 'அளவு' என்று ஒரேயொரு கட்டம் இருந்தது. அச்சிடுபவர் அதை அச்சிடும் தாளின் அளவு என்று கொள்கிறார். வெட்டுபவர் முடிவில் வரவேண்டிய அளவு என்று கொள்கிறார். முந்திய மாதம் திருமண அழைப்பிதழ் ஒன்று 600 பிரதிகள் தவறாக வெட்டப்பட்டு மீள அச்சிட நேர்ந்ததாக நண்பர் ஒப்புக்கொண்டார். வெட்டுபவரை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றியும் யோசித்துக்கொண்டிருந்தாராம்.

இப்போது அந்த அட்டையில் 'தாளின் அளவு', 'வெட்டிய பின் அளவு' என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டாவது தடித்த கோட்டுக்குள் இருக்கிறது. வெட்டும் இயந்திரத்துக்கு மேலுள்ள மின்விளக்கு மங்கலானது என்பதால் எழுத்தும் பெரிதாக்கப்பட்டது. இது மூன்றாவது வரைவு. கடந்த வாரம் நான் போயிருந்தபோது வெட்டுபவர் அதில் பென்சிலால் மேலும் ஒரு கட்டத்தை வரைந்து, மடிப்பு எந்தப் பக்கம் என்பதற்கும் ஓர் இடம் வேண்டும் என்று நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இலச்சினைப் பேச்சு அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.